பத்தடி முன்னால் நடக்கிறவர்

என் வீட்டுக்காரரின் முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாகப் பழக்கம். நடக்கும்போது இடது தோளைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வார். பிடரி முடி காலரைத் தொட்டால் இந்த மாதம் சலூனுக்குப் போகவில்லை என்று தெரிந்துகொள்வேன். துண்டு தோளில் சும்மா கிடந்தால் மனுஷன் சந்தோஷமாக இருக்கிறார். கழுத்தைச் சுற்றிக் கிடந்தால் அன்றைக்கு வாயைக் கொடுக்கக் கூடாது. இருபத்தைந்து வருஷம் பின்னாலேயே நடந்து படித்த படிப்பு இது.

எங்கள் பக்கத்தில் புருஷன் முன்னால் போவான், பெண்டாட்டி பின்னால் வருவாள். திருவாடானையைச் சுற்றி எந்த ஊருக்கு வேண்டுமானாலும் வந்து பாருங்கள், அப்படித்தான் இருக்கும். யாரும் சட்டம் போடவில்லை. சேர்ந்து நடந்தால், "என்னப்பா, நேத்துத்தான் தாலி கட்டுனியா?" என்று கேலி பண்ணியே ஒரு வழி பண்ணிவிடுவார்கள். அந்தக் கேலிக்குப் பயந்தே ஆம்பளைகள் காலை எட்டிப் போடுகிறார்கள். மற்றவர்கள் நாலடி முன்னால் போனால் என் வீட்டுக்காரர் பத்தடி. கேட்டால், "நான் மெதுவாத்தான் போறேன், நீதான் ஆமை" என்பார்.

சரி, கூப்பிட்டு நிறுத்தலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். வெளியே கிளம்பிப் போகிறவரைப் பின்னால் இருந்து கூப்பிடக் கூடாது. போகிற காரியம் கெட்டுவிடும். கல்யாணமான புதிதில் இது எனக்கு உறைக்கவில்லை. மிளகாய் மூட்டையோடு ராமநாதபுரம் கிளம்பினவரை, "ஏங்க, கொடைய விட்டுட்டுப் போறீக" என்று வாசலில் நின்று கத்திவிட்டேன். அன்றைக்கென்று சந்தையில் விலை படுத்துவிட்டது. மூன்று நாள் என்னோடு பேச்சில்லை. அதற்குப் பிறகு நான் கூப்பிடுவதை விட்டேன். நான் கூப்பிடாததால் அவருக்குத் திரும்பிப் பார்க்கிற பழக்கமே இல்லாமல் போயிற்று.

ஒருமுறை திருவாடானைக் கடைத்தெருவில் என் செருப்பு வார் அறுந்துவிட்டது. குனிந்து ஊக்கைக் குத்தி நிமிர்ந்தால் ஆளைக் காணோம். பஸ் ஏறிப் போயே போய்விட்டார். நான் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் நின்றுகொண்டு, "ஏன், நீ பின்னாலதான வந்த?" என்று என்னையே கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தச் செருப்பைத் தூக்கிக் கிணற்றடியில் எறிந்தேன். அவர் சிரித்தார். எறிந்தது அவருக்குத்தான் என்பது அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

கல்யாண நாள் என்று ஒன்று இருப்பதே எங்கள் மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகுதான் எங்கள் வீட்டுக்குத் தெரியும். ஒரே மகள். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். இந்த வைகாசியில் இருபத்தைந்து வருஷம் முடிகிறது என்று ஞாபகம் வைத்து, போன் பண்ணினாள்.

"அம்மா, ராமேஸ்வரத்துல ரூம் போட்டுட்டேன். சனி, ஞாயிறு ரெண்டு நாள். நீங்களும் அப்பாவும் மட்டும் போறீங்க. அத்தை, சித்தப்பான்னு யாரையும் கூட்டிட்டுப் போகக் கூடாது."

"ஏன்டி, ரெண்டு பேரு மட்டும் போயி அங்கன என்னத்தப் பண்ண?"

"சும்மா இருங்க. பேசுங்க. கடலப் பாருங்க."

அவருக்குச் சாக்குச் சொல்லவும் வழியில்லை. வைகாசியில் வயலில் ஒரு வேலையும் கிடையாது. வானத்தைப் பார்ப்பதுதான் வேலை. அதை ராமேஸ்வரத்திலிருந்தும் பார்க்கலாம் என்றேன். "சரி, புள்ள ஆசைப்படுது" என்று தலையை ஆட்டினார்.

எனக்குள் ஒரு ஆசை இருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள். இந்த இரண்டு நாளில் ஒரே ஒரு தடவையாவது அவர் தானாகத் திரும்பி, நான் வருகிறேனா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். மகள் வேலைக்குப் போனதிலிருந்து வீட்டில் நாங்கள் இரண்டே பேர். முன்னெல்லாம் எங்களுக்கு நடுவில் அவள் ஓடிக்கொண்டிருப்பாள், அந்தப் பத்தடி தெரியவில்லை. இப்போது தெரிகிறது. மீதி இருக்கிற காலத்தையும் ஒரு முதுகைப் பார்த்தே கழிக்க வேண்டுமா என்று அடிக்கடி நினைப்பேன். நான் எங்காவது விழுந்து கிடந்தால்கூட இவர் வீட்டு வாசலுக்குப் போய்த்தான் தேடுவார் என்று பயமாகவும் இருந்தது.

சனிக்கிழமை காலையில் பையோடு பஸ்ஸுக்கு நின்றோம். எங்கள் தெருக்காரி ஒருத்தி வந்தாள்.

"எங்கன கெளம்பிட்டீக ரெண்டு பேரும்?"

"ராமேஸ்வரத்துக்கு."

அவள் முகம் உடனே வாடிவிட்டது. "யாருக்குத்தா திதி?" என்றாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் ஊரிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் தனியாக ராமேஸ்வரம் போனால் செத்தவர்களுக்குச் செய்யத்தான் போவார்கள். ஆனாலும் நல்ல நாளும் அதுவுமாக அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்றது.

"எங்க கல்யாணத்துக்குத்தான்" என்றேன். பத்தடி தள்ளி நின்ற அவர் தொண்டையைச் செருமினார். சிரிப்பை அடக்குகிறார் என்று முதுகு குலுங்கியதில் தெரிந்தது.

பஸ்ஸில் நான் முன்னால் பெண்கள் பக்கம், அவர் பின்னால். அங்கே மட்டும் முறை மாறும். ஆர்.எஸ்.மங்கலம் தாண்டி ராமநாதபுரம் வருகிறவரை அவர் என் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். கட்டாயம் ஜன்னலைத்தான் பார்த்திருப்பார்.

ராமநாதபுரத்தில் ரயில் ஏறினோம். எதிரெதிராக இடம் கிடைத்தது. அதுதான் வம்பாகப் போயிற்று. முழங்கால் முட்ட உட்கார்ந்தால் மனுஷன் முகத்தைப் பார்க்காமல் எப்படி இருப்பது? இடது புருவத்தில் இரண்டு வெள்ளை முடி. அது எப்போது வந்தது என்றே எனக்குத் தெரியாது. அவரும் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னல், மேலே ஃபேன், என் வளையல், மறுபடி ஜன்னல் என்று அலைந்தார். மண்டபம் தாண்டி வண்டி புதுப் பாலத்தில் மெதுவாக ஏறியது. ஜனமெல்லாம் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடியது. கீழே தண்ணீர், பக்கத்தில் பழைய பாலம்.

"பயமா இருக்கா?" என்றார்.

"இல்லையே."

"எனக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

இருபத்தைந்து வருஷத்தில் இந்த மனுஷன் பயம் என்ற வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்று தோன்றியது. பக்கத்தில் ஒரு குடும்பம் முறுக்கு தின்றுகொண்டே எங்களைப் பார்த்தது. நான் கையை நீட்டவில்லை.

ஹோட்டலில் எங்களை ஏதோ சம்பந்தி வீட்டார் மாதிரி வரவேற்றார்கள். மகள் சொல்லிவைத்திருக்கிறாள். ரூமில் கட்டிலுக்கு நடுவே இரண்டு துண்டை அன்னப்பறவை மாதிரி மடித்து, மூக்கோடு மூக்கு ஒட்டவைத்து, சுற்றி ரோஜா இதழைக் கொட்டி வைத்திருந்தார்கள். மேஜையில் ஒரு கேக். அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது யாரு ரூமு?"

"நம்ம ரூமுதான்."

"அப்ப இந்தக் கொக்க என்ன செய்யிறது?"

"கழுத்தப் புடிச்சுத் தூக்கி ஓரமா வைங்க."

அவர் பயபக்தியோடு இரண்டையும் கலையாமல் தூக்கி டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். குளித்துவிட்டு வந்து தன் சொந்தத் துண்டால்தான் துடைத்துக்கொண்டார். "அம்புட்டு மெனக்கெட்டு மடிச்சிருக்கான், கலைக்க மனசு வரல" என்றார். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்ல மனுஷன்தான். அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. அதனால்தான் கோபமும் அதிகம்.

சாயங்காலம் கடற்கரைப் பக்கம் நடந்தோம். நடந்தோம் என்றால் அவர் நடந்தார், நான் தொடர்ந்தேன். முன்னால் பார்த்தபடியே ஏதோ பேசிக்கொண்டும் போனார். அவர் பேச்சு எப்போதும் அப்படித்தான். பாதி காற்றோடு போகும், மீதிக்கு நான் உம் கொட்டுவேன். எங்களைக் கடந்து வடக்கத்திச் சோடி ஒன்று கையைக் கோத்துக்கொண்டு போயிற்று. அறுபது வயசிருக்கும் இரண்டு பேருக்கும். எனக்குப் பொறுக்கவில்லை. நாலு எட்டு ஓடி அவர் முன்னால் போய் நின்றேன். பின்னால் இருந்து கூப்பிட்டால்தானே குற்றம்?

"ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"இங்கன நம்மள யாருக்குத் தெரியும்? கேலி பண்ண ஆளில்ல. நாளைக்கு ஒரு நாளு என்கூடச் சேந்து நடங்க. முன்னால போகக் கூடாது."

அவர் என்னைப் பார்த்தார். ஏதோ மாட்டுக்கு விலை சொன்னதுபோல் யோசித்தார். "இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த? நடந்துட்டாப் போச்சு" என்றார்.

அப்பாடா என்று இருந்தது. அன்றைக்கு ரூமுக்குத் திரும்பும்போதும் முன்னால்தான் போனார். நாளைக்கு என்றுதானே பேச்சு என்று நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலையில் அக்னி தீர்த்தத்தில் முழுகினோம். கரையெல்லாம் திதி கொடுக்கிற கூட்டம். மொட்டைத் தலையும் ஈர வேட்டியுமாக ஆண்கள் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கோயிலுக்குள் போய் இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடினோம். தலையில் வாளி வாளியாக ஊற்றினார்கள். கிணறு மாறும்போது கூட்டத்தில் அவர் முன்னால், நான் பின்னால். ஈரத் தரையில் வழுக்குகிறது, ஆளுக்கு ஆள் இடிக்கிறார்கள், இதில் எப்படிச் சேர்ந்து போவது என்று நானே அவருக்காகச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இட்லி சாப்பிட்டுவிட்டு தனுஷ்கோடிக்குப் பஸ் ஏறினோம். அரிச்சல்முனையைப் பார்க்காமல் வரக் கூடாது என்று மகள் சொல்லியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, கார்களும் வேன்களும் முனைக்கு ஒரு மைல் முன்னாலேயே அடைத்துக்கொண்டு நின்றன. "இனிமே வண்டி நகராது, எறங்கி நடங்க" என்றார் கண்டக்டர்.

நேர் ரோடு. இரண்டு பக்கமும் கடல். இடது பக்கம் தண்ணீர் குளம் மாதிரிக் கிடந்தது, வலது பக்கம் அலை கல்லில் மோதிக்கொண்டிருந்தது. காற்று பின்னாலிருந்து தள்ளியது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாங்க, சேந்து" என்றேன். "வா" என்றார். நடந்தோம். தோளுக்குத் தோள். நான் மனசுக்குள் எண்ணினேன். பதினேழு எட்டு. பதினெட்டாவது எட்டில் அவர் முன்னால் போய்விட்டார். வேண்டுமென்று செய்யவில்லை. அவர் காலுக்கு அது மட்டும்தான் தெரியும்.

எனக்கு வந்ததே கோபம்! ரோட்டோரத்தில் ஒரு பெண் குடைக்குக் கீழே சங்கு, சோழி மாலையெல்லாம் பரப்பி வைத்திருந்தாள். அங்கே போய் அவள் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தேன். போகட்டும். எவ்வளவு தூரம்தான் போகிறார் பார்க்கலாம். ரோடு வளைவே இல்லாத ரோடு, மறைய இடமில்லை. எப்போது திரும்புகிறாரோ அப்போது தெரிந்துவிடும், இருபத்தைந்து வருஷத்தில் நான் இவருக்கு யார் என்று.

"என்னக்கா, அண்ணன் போறாக, நீங்க ஒக்காந்துட்டீக?" என்றாள் கடைக்காரி.

"எப்பத் திரும்புறாகன்னு பாக்கப் போறேன்."

அவள் சிரித்தாள். "கூப்புடுங்க, நிப்பாக."

"கூப்புட மாட்டேன்."

இளநீர் வண்டி வரைக்கும் போவார், திரும்புவார் என்று நினைத்தேன். தாண்டினார். மஞ்சள் வேன் வரைக்கும் என்று நினைத்தேன். அதையும் தாண்டினார். முதுகு சிறிதாகிக்கொண்டே போயிற்று. துண்டு தோளில் சும்மா கிடந்தது. போய்யா போ, அப்படியே இலங்கைக்கே நடந்து போ என்று வாய்விட்டே சொன்னேன்.

அப்போதுதான் அவர் கையைக் கவனித்தேன். வலது கை மேலே போகிறது, கீழே வருகிறது. விரலை விரிக்கிறார், தலையை ஆட்டுகிறார். கடலைக் காட்டிப் பேசுகிற மாதிரியும் இல்லை. ஏதோ பெரிய விஷயம்போல, நிறுத்தி நிறுத்தி.

"அண்ணன் யார்ட்டயோ போன்ல பேசுறாக போல" என்றாள் கடைக்காரி.

போன் என் பையில் இருந்தது.

எதிரே ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டு வேகமாக வந்தது. அவர் ரோட்டோரமாக ஒதுங்கினார். ஒதுங்கும்போது இடது கையைப் பின்னால் நீட்டி, உள்ளங்கையை விரித்து, யாரையோ தடுப்பதுபோல் பிடித்தார். வேன் போகிறவரை அந்தக் கை அப்படியே நின்றது. பின்னால் யாரும் இல்லை. வேன் போனதும் கையை எடுத்துக்கொண்டு மறுபடி நடந்தார், மறுபடி பேசினார்.

எனக்கு உட்கார முடியவில்லை. எழுந்துவிட்டேன். அந்த மனுஷன் என்னோடு பேசிக்கொண்டு போகிறார். நான் பின்னால் வருகிறேன் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மூச்சு விடுகிறோமா என்று யாராவது திரும்பிப் பார்ப்பார்களா? நான் கல்லு மாதிரி இங்கே உட்கார்ந்து பரீட்சை வைத்துக்கொண்டிருக்கிறேன். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். நல்ல காரியமாகப் போகிறவரைக் கூப்பிடுகிறோமே என்று அந்த நேரத்திலும் நாக்கு இழுத்துக்கொண்டது, பாழாய்ப்போன பழக்கம்.

அவர் நின்றார். ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்பதுபோல் நின்றார். பிறகு திரும்பினார்.

பின்னால் யாரும் இல்லை. அவர் ரோட்டைப் பார்க்கவில்லை. முதலில் கடலைத்தான் பார்த்தார். வலது பக்கத்து அலையை, கல்லுக்கு மேல் எட்டி எட்டிப் பார்த்தார். அதற்கப்புறம் ஓடிவந்தார். முட்டி வலி என்று கிணற்றடிப் படிகூட நின்று நின்று ஏறுகிறவர், வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். ஒவ்வொரு வேனுக்குள்ளும் தலையை விட்டுப் பார்த்தார். நான் கையை உயர்த்தி ஆட்டினேன். அவர் கண்ணில் படவில்லை. நான் நடு ரோட்டுக்குப் போய் நின்ற பிறகுதான் பார்த்தார். பார்த்ததும் ஓட்டம் நின்றது. மீதித் தூரத்தை மெதுவாக நடந்தே வந்தார்.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கொடுத்திருப்பேன். கடைக்காரி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தார். பாதி சட்டையில் போயிற்று.

"ரொம்ப நேரமாவா இங்கன இருக்க?" என்றார்.

"ஆமா."

"எப்பருந்து?"

"எறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தமே, அப்பருந்து."

"அப்ப நான் சொன்னது ஒண்ணும் கேக்கலையா?"

"என்ன சொன்னீக?"

அவர் பாட்டிலுக்கு மூடியைத் தேடினார். மூடி அவர் கையிலேயே இருந்தது. முகத்தில் இருந்த பயம் போய் வேறு ஒன்று வந்திருந்தது. சிரமப்பட்டு ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து தப்பான வீட்டில் இறக்கிவிட்ட ஆள் மாதிரி நின்றார்.

"ஒண்ணுமில்ல, விடு."

"என்னங்க சொன்னீக? திருப்பிச் சொல்லுங்க."

"வராது."

"ஏன் வராது?"

"மொகத்தப் பாத்தா வராது." இதை அவர் என் காலைப் பார்த்துச் சொன்னார்.

என் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. இந்த மனுஷன் என்னிடம் ஏதோ சொல்ல ஒரு வாழ்நாள் பூராவும் தைரியத்தைச் சேர்த்து, சொல்லியும்விட்டார். நான்தான் அங்கே இல்லை.

"சரி. நீங்க முன்னால போங்க" என்றேன். "நான் பின்னால வாரேன். அங்கிட்டு வேணாம், பஸ்ஸு பக்கமாப் போங்க. காத்து எதுத்து அடிக்கிது, கேக்கும்."

"முனைக்குப் போகலையா? புள்ள கேப்பாளே."

"முனை கெடக்குது. போங்க."

அவர் திரும்பி நடந்தார். நான் பத்தடி விடவில்லை, இரண்டடி பின்னால் போனேன். மணல் கண்ணில் அடித்தது. அவர் இரண்டு தடவை தொண்டையைச் செருமினார். நான் உம் கொட்டினேன். இருக்கிறேன் என்று அவருக்குத் தெரிய வேண்டுமே.

"காலையில கரையில அவுகவுக அய்யாவுக்குச் செஞ்சுக்கிட்டு இருந்தாகள்ல" என்று ஆரம்பித்தார். "ஒங்கய்யா நெனப்பு வந்துருச்சு."

உம் என்றேன்.

"அவுக ராம்நாட்டு ஆஸ்பத்திரில கெடந்தப்ப நீ போகணும்னு நின்ன. நாந்தான் அறுப்பு மெஷினு வந்துருச்சு, ஆளுகளுக்குச் சோறு பொங்கணும், நாளைக்குப் போகலாம்னு நிப்பாட்டிப்புட்டேன். மக்காநாளு விடியிறதுக்குள்ள போனு வந்துருச்சு. கடைசியா ஒன்னையத்தான் கேட்டாகளாம். நீ ஒரு வார்த்தை என்னையக் கேக்கல. திட்டியிருக்கலாம். திட்டல. அதுலருந்து ஒம் மொகத்தப் பாத்து எனக்குப் பேச ஏலல. நான் பண்ணது தப்பு. ஒங்கய்யாட்டயும் சொல்ல முடியாது, ஒங்கிட்டயாவது சொல்லணும்ல."

பதினோரு வருஷம். என் அய்யாவுக்கு நான் ஒரே பிள்ளை. நான் போய்ச் சேர்ந்தபோது வாயைக் கட்டியிருந்தார்கள். எங்கள் வயலில் அன்றைக்கு நாற்பது மூட்டை நெல் வந்தது. அந்த நெல்லில் பொங்கின சோற்றை ஒவ்வொரு நாளும் முழுங்க முடியாமல் முழுங்கினேன். அவர் அதை மறந்துவிட்டார் என்றுதான் இத்தனை நாளும் நினைத்தேன். அவர் பின்னால் நடந்த ஒவ்வொரு நடையிலும் அந்த முதுகைப் பார்த்து, உனக்கென்ன தெரியும், உனக்கென்ன தெரியும் என்றுதான் நடந்திருக்கிறேன்.

என்னால் உம் கொட்ட முடியவில்லை. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். கண்ணீரும் மணலும் சேர்ந்து முகமெல்லாம் ஒட்டியது.

உம் சத்தம் கேட்காததால் அவர் நடையைத் தளர்த்தினார்.

"இந்தா, வாரியா?" என்றார்.

வந்தேன். ஓடிப்போய்ப் பக்கத்தில் சேர்ந்துகொள்ளவும் என்னால் முடியவில்லை. ஒற்றை விரலால் அவர் முதுகைத் தொட்டேன், சட்டை ஓடிய ஓட்டத்தில் நனைந்து கிடந்தது. அவர் நின்றார். கழுத்து இலேசாக அசைந்தது, திரும்பப் போகிறார் என்று தெரிந்தது.

"திரும்பாதீக" என்றேன். "செத்த நேரம் திரும்பாம இருங்க."

அவர் திரும்பவில்லை. நான் அழுது முடிக்கிறவரை, வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு சுற்றிப் போக, ரோட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தார்.